வரப்பில் முளைத்த சந்தனம்

மைசூர்ப் பக்கம் ஒரு கிராமம். 1985-ஆம் ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு விவசாயி காலையில் தன் கேழ்வரகு வயலுக்குப் போகிறார். பத்து வயது மகனும் கூட வருகிறான். வரப்பு ஓரத்தில், புங்க மரத்தின் அடியில், ஒரு கன்று முளைத்திருக்கிறது. ஒரு முழ உயரம்தான் இருக்கும். விவசாயி அதை உற்றுப் பார்க்கிறார். உடனே குனிந்து வேரோடு பிடுங்கி எறிகிறார்.

"ஏம்ப்பா பிடுங்கிட்டீங்க? அது சந்தனக் கன்னு இல்லையா?" என்று மகன் கேட்கிறான்.

"அதனாலதான்டா பிடுங்கினேன்."

"சந்தனம் நல்ல விலை போகும்னு சொல்வாங்களே!"

"போகும். ஆனா காசு நமக்கில்ல. மரம் சர்க்காரோடது. காவல் மட்டும் நம்மளோடது. நாளைக்கு எவனாவது ராத்திரியில வெட்டிட்டுப் போனா, பாரஸ்ட்காரங்க முதல்ல நம்ம வீட்டுக்குத்தான் வருவாங்க. எதுக்கு இந்த வம்பு?"

இந்தத் தகப்பனும் மகனும் கற்பனை. ஆனால் இப்படிப் பிடுங்கி எறியப்பட்ட கன்றுகள் கற்பனை அல்ல. கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் பல விவசாயிகள் இப்படித்தான் செய்தார்கள். சந்தன மரத்தைக் காப்பதற்காக ஒரு சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பயந்தே சந்தனக் கன்றைப் பிடுங்கினார்கள். இது எப்படி நடந்தது?

திப்பு காலத்துச் சட்டம்

1792-ஆம் ஆண்டு. மைசூரைத் திப்பு சுல்தான் ஆண்ட காலம். சந்தனம் அரசருக்கு உரிய மரம் என்று அவர் அறிவித்தார். (அரச மரம் என்றால் நமக்கு வேறு மரம். இது அரசருடைய மரம்.) அது யார் நிலத்தில் முளைத்தாலும் அரசாங்கத்துக்கே சொந்தம்.

1799-இல் திப்பு போரில் இறந்தார். ஆட்சி மாறியது. ஆனால் இந்த விதி மாறவில்லை. மைசூர் மகாராஜாக்கள் அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். சந்தனத்தால் அரசாங்கத்துக்கு நல்ல வருமானம் வந்தது. 1916-இல் மைசூரில் அரசாங்கமே சந்தன எண்ணெய்த் தொழிற்சாலை தொடங்கியது. அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. சந்தனக் கட்டையை வெளிநாட்டுக்குக் கப்பலில் அனுப்ப முடியவில்லை. அதனால் இங்கேயே எண்ணெய் எடுத்தார்கள். மைசூர் சந்தன சோப்பு பிறந்ததும் அந்தக் காலத்தில்தான்.

நாடு விடுதலை பெற்றது. மன்னர்கள் போனார்கள். ஆனாலும் சந்தனம் அரசாங்கத்தின் மரமாகவே இருந்தது. கர்நாடகத்தில் 1963-இல் வனச் சட்டம் வந்தது. அதிலும் சந்தனத்துக்குத் தனி விதிகள் இருந்தன. தமிழ்நாட்டிலும் நிலைமை இதுதான். பட்டா நிலம் உங்களுடையது. அதில் நிற்கும் வேம்பும் புளியும் உங்களுடையவை. சந்தனம் மட்டும் உங்களுடையது அல்ல.

மரத்தை விற்ற பணத்தில் ஒரு பங்கை நிலக்காரருக்குத் தரும் விதிகளும் பிற்காலத்தில் வந்தன. ஆனால் அந்தப் பங்கு எப்போது வரும், எவ்வளவு வரும் என்பது நிலக்காரர் கையில் இல்லை. மரம் களவு போனால் பதில் சொல்ல வேண்டியவர் மட்டும் அவர்தான்.

துணை தேடும் மரம்

சந்தன மரத்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். அப்போதுதான் இந்தச் சட்டம் செய்த கேடு முழுதாகப் புரியும்.

சந்தனம் தனியாக வளராது. அதன் வேர்கள் பக்கத்தில் உள்ள செடி, மரங்களின் வேர்களைத் தேடிப் போகும். அந்த வேர்களோடு ஒட்டிக்கொள்ளும். அவற்றிலிருந்து நீரையும் சத்தையும் உறிஞ்சும். ஓரளவுக்குத் தானும் உணவு தயாரிக்கும். ஆனால் துணை இல்லாவிட்டால் நோஞ்சானாகப் போய்விடும். துவரை, அகத்தி, சவுக்கு, புங்கம் எல்லாம் சந்தனத்துக்கு நல்ல துணைகள்.

சந்தனப் பழம் சிறியது. பழுத்தால் கறுப்பாக இருக்கும். கொண்டைக்குருவியும் குயிலும் அதை விரும்பித் தின்னும். வேறு இடத்தில் போய் எச்சமிடும். அந்த விதை வேலியோரம், வரப்போரம், புதர் அடியில் முளைக்கும். அங்கே துணைச் செடியும் இருக்கும், நிழலும் இருக்கும். ஆகவே சந்தனம் நடுக்காட்டு மரம் மட்டும் அல்ல. காடும் வயலும் சேரும் இடத்து மரம். ஊர் மக்களின் வேலிகளில் வளரும் மரம். அந்த மக்களே அதை வேண்டாம் என்று பிடுங்கினால், மரத்துக்குப் பாதி வீடு போயிற்று.

இன்னொரு செய்தி. சந்தன மரத்தில் வாசனை எங்கே இருக்கிறது? இலையில் இல்லை. பூவில் இல்லை. வெளிப்புறத்து வெள்ளைக் கட்டையிலும் இல்லை. உள்ளே வைரம் பாய்ந்த நடுக்கட்டையில்தான் இருக்கிறது. வேரிலும் இருக்கிறது. அதனால் சந்தன மரத்தை அடியோடு வெட்டி எடுப்பதில்லை. வேரோடு தோண்டி எடுக்கிறார்கள். தோண்டிய பிறகு அடியிலிருந்து மறுபடி துளிர்ப்பது அரிது.

நல்ல வைரம் பாய நெடுங்காலம் ஆகும். காட்டில் 30 ஆண்டுகள், அதற்கு மேலும் ஆகலாம். தண்ணீர் விட்டு வளர்த்தால் கொஞ்சம் சீக்கிரம் பாயும். 30 ஆண்டு என்பது ஒரு தகப்பன் நட்டு மகன் எடுக்கிற காலம். அந்த மகனுக்கு மரம் சொந்தமில்லை என்றால் தகப்பன் எதற்காக நடுவார்?

காவல் கூடியது, மரம் குறைந்தது

சட்டம் கடுமையாக இருந்தது. ஆனால் சந்தனத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. விலை ஏற ஏறக் களவும் ஏறியது. கள்ளர்கள் வாங்கிய கட்டைக்குக் கணக்கு இல்லை, வரி இல்லை. அவர்கள் சின்ன மரம், பெரிய மரம் என்று பார்க்கவில்லை. சில இடங்களில் மரத்தில் துளை போட்டு வைரம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லாவிட்டால் துளையோடு விட்டுப் போவார்கள்.

வீரப்பன் பெயர் எல்லோருக்கும் தெரியும். மாதேஸ்வரன் மலை, சத்தியமங்கலம் காடுகளில் சந்தனமும் யானைத் தந்தமும் கடத்தியவர். பலரைக் கொன்றவர். அவரைப் பிடிக்க இரண்டு மாநில அரசுகளும் அதிரடிப்படைகளை அனுப்பின. 2004 அக்டோபரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த நீண்ட வேட்டையில் மலைக் கிராம மக்கள் இரு பக்கமும் அடிபட்டார்கள். படையினரின் கொடுமைக்கு ஆளான 89 பேருக்கு இழப்பீடு தரும்படி தேசிய மனித உரிமை ஆணையம் 2007-இல் கூறியது. சந்தனத்தால் பணம் சேர்த்தவர்கள் யார் யாரோ. அடிபட்டவர்கள் ஆடு மேய்த்தவர்களும் விறகு பொறுக்கியவர்களும்.

மரத்துக்கு நோயும் வந்தது. சந்தனத்தில் ஒரு நோய் வந்தால் இலைகள் சிறுத்துப்போகும். கூராக, முள் போல நிமிர்ந்து நிற்கும். இரண்டு மூன்று ஆண்டுகளில் மரம் பட்டுப்போகும். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அதற்கு முழுமையான மருந்து இல்லை.

இந்தியச் சந்தனக் காடுகளில் பெரும்பகுதி கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் இருக்கிறது. 1950-களில் நம் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 4000 டன் சந்தனக் கட்டை கிடைத்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்துச் சில நூறு டன்தான் கிடைத்தது. 1998-இல் இயற்கைப் பாதுகாப்புக்கான உலக அமைப்பு ஒன்று, அழியும் ஆபத்தை நோக்கிப் போகும் மரங்களின் பட்டியலில் சந்தனத்தைச் சேர்த்தது.

இதே நேரத்தில் ஆஸ்திரேலியாவில் ஒரு வேலை நடந்தது. அங்கே நம் இந்தியச் சந்தனத்தை வயலில் நட்டார்கள். ஆயிரக்கணக்கான ஏக்கரில் துணை மரங்களோடு சேர்த்து வளர்த்தார்கள். அங்கே நட்டவருக்கே மரம் சொந்தம். நம் மரத்தை நம் விவசாயி நடப் பயந்தபோது, கடல் தாண்டிய விவசாயி நட்டார்.

சட்டம் திரும்பியது

கடைசியில் அரசுகள் யோசித்தன. 2001-இல் கர்நாடகம் தன் சட்டத்தைத் திருத்தியது. 2002-இல் தமிழ்நாடும் திருத்தியது. இனி பட்டா நிலத்தில் உள்ள சந்தனம் அந்த நிலக்காரருக்கே சொந்தம். 1792-இல் எடுத்துக்கொண்டதை 200 ஆண்டுகளுக்குப் பிறகு திருப்பிக் கொடுத்தார்கள்.

இதன் விளைவு என்ன? நாற்றுப் பண்ணைகளில் சந்தனக் கன்று கேட்டு விவசாயிகள் வரத் தொடங்கினார்கள். மாந்தோப்பு ஓரத்தில் நட்டார்கள். துவரையோடு சேர்த்து நட்டார்கள். முன்பு பிடுங்கிய கையே இப்போது தண்ணீர் ஊற்றியது.

ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மரம் சொந்தம்தான். வெட்ட மட்டும் வனத்துறையின் அனுமதி வேண்டும். கட்டையைக் கொண்டுபோகவும் அனுமதிச் சீட்டு வேண்டும். விற்பதற்கும் விதி உண்டு. கர்நாடகத்தில் முதலில் வனத்துறைக்கும் அரசு நிறுவனங்களுக்கும் மட்டும்தான் விற்க முடிந்தது. வாங்குகிறவர் ஒருவர் இருவர் மட்டும் என்றால் நல்ல விலை எங்கே கிடைக்கும்? இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை என்றும் சொல்ல முடியாது. அனுமதிச் சீட்டே இல்லாவிட்டால் காட்டில் திருடிய கட்டையையும் "என் தோட்டத்துக் கட்டை" என்று சொல்லி விற்றுவிடுவார்கள். இந்த முடிச்சு இன்னும் முழுவதும் அவிழவில்லை.

களவும் ஓயவில்லை. மரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வயதானால் விவசாயிக்குத் தூக்கம் போகிறது. வேலி, நாய், விளக்கு என்று செலவு கூடுகிறது. சிலர் களவுக்குப் பயந்து முன்னதாகவே எடுத்துவிடுகிறார்கள். அதில் வைரம் குறைவு. எண்ணெயும் குறைவு.

இன்னொன்றும் உண்டு. தோட்டத்தில் நட்ட மரம் காட்டு மரத்துக்கு ஈடாகாது. நாற்றுப் பண்ணையில் சில மரங்களின் விதைகளையே எடுப்பார்கள். காட்டில் பல வகைச் சந்தனம் கலந்து நிற்கும். சில நோயைத் தாங்கும். சில வறட்சியைத் தாங்கும். காட்டு மரம் போய்விட்டால் அந்த வகைகளும் போய்விடும். தோட்டத்துச் சந்தனம் பெருகினால், காட்டில் களவு குறைய வழி உண்டு. அந்த அளவுக்கு அது நல்லது.

காட்டுக்குள் கடும் சட்டம் வேண்டாமா?

வேண்டும். உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு போகிறவர்கள் மறையூரைத் தாண்டிப் போவார்கள். கேரளத்தில் உள்ள ஊர். சாலையின் இருபுறமும் சந்தன மரங்கள் நிற்கும். கம்பி வேலி போட்டிருப்பார்கள். மரங்களுக்கு எண் போட்டிருப்பார்கள். அங்கே பச்சை மரத்தை எடுப்பதில்லை. பட்டுப்போன மரத்தையும் காற்றில் சாய்ந்த மரத்தையும் எடுத்து அரசே ஏலம் விடுகிறது. காவல் வேலையில் அந்தப் பகுதிப் பழங்குடி மக்களும் இருக்கிறார்கள். மரம் நின்றால் அவர்களுக்கு மாதச் சம்பளம். அங்கேயும் களவு நடக்கிறது. ஆனாலும் காட்டுச் சந்தனத்தைக் கூட்டமாகப் பார்க்க இன்று மறையூர் போக வேண்டும்.

சட்டம் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் கேரளத்திலேயே ஒரு கதை இருக்கிறது. இது ஈட்டி மரத்தின் கதை. ஈட்டி மரத்தைத் தோதகத்தி என்றும் சொல்வார்கள். கறுத்த கட்டை. மேசை, நாற்காலிக்கு அவ்வளவு விலை.

2020 அக்டோபரில் கேரள அரசு ஓர் ஆணை போட்டது. அரசு பட்டா கொடுத்த நிலத்தில் விவசாயிகள் வளர்த்த மரங்களை அவர்களே வெட்டலாம் என்றது அந்த ஆணை. விவசாயிகள் பல காலம் கேட்ட சலுகைதான். ஆனால் ஆணையின் வாசகம் தளர்வாக இருந்தது. வயநாடு மாவட்டம் முட்டில் என்ற ஊரில் நூற்றுக்கும் மேற்பட்ட ஈட்டி மரங்கள் சாய்ந்தன. அவற்றில் பல நூறு ஆண்டு வயதான மரங்களும் இருந்தன. யாரும் வளர்த்தவை அல்ல, தானாக வளர்ந்தவை. 2021 பிப்ரவரியில் அரசு ஆணையைத் திரும்பப் பெற்றது. நான்கு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் மரம் போயிற்று.

அந்த மரங்கள் நின்ற நிலங்களில் பல பழங்குடி மக்களுடையவை. வெட்டியவர்கள் அவர்களிடம் சிறு தொகை கொடுத்தார்கள். அனுமதி இருக்கிறது என்று சொன்னார்கள். பிறகு வழக்கு வந்தது. அனுமதி கேட்ட மனுக்களில் இருப்பது தங்கள் கையெழுத்தே அல்ல என்று நிலக்காரர்கள் சிலர் சொன்னார்கள். அதிகாரிகள் கையெழுத்துகளைச் சோதனைக்கு அனுப்பினார்கள். மரத்தின் பணம் வேறு கைக்குப் போனது. நோட்டீஸ் நிலக்காரர் வீட்டுக்கு வந்தது.

செம்மரத்தின் பெயரால்

ஆந்திரத்தில் திருப்பதி, கடப்பைப் பக்கத்து மலைகளில் செம்மரம் வளர்கிறது. உலகிலேயே காடாக வளர்வது பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான். 1995-இல் உலக நாடுகள் சேர்ந்து ஓர் ஒப்பந்தத்தில் அதைச் சேர்த்தன. அனுமதி இல்லாமல் செம்மரம் நாடு விட்டு நாடு போகக் கூடாது. ஆனால் வெளிநாட்டில் அதற்கு ஏராளமான விலை இருக்கிறது. அதனால் கடத்தல் நிற்கவில்லை.

காட்டுக்குள் போய் மரம் வெட்டுவது யார்? தமிழ்நாட்டின் திருவண்ணாமலை, வேலூர், தருமபுரிப் பகுதிகளிலிருந்து கூலிக்குப் போகிறவர்கள் பலர். ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. ஊரில் மழை இல்லை, வேலை இல்லை. கோடரி பிடிக்கத் தெரியும். தரகர் முன்பணம் கொடுக்கிறார். போகிறார்கள்.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் போலீசார் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்கள். கற்களாலும் கோடரியாலும் தாக்கினார்கள், அதனால் சுட்டோம் என்றது போலீஸ். பிடித்து வைத்துச் சுட்டார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். மரம் வாங்கிய வியாபாரி அந்த 20 பேரில் இல்லை. கப்பலில் ஏற்றியவரும் இல்லை.

செம்மரத்தையும் இப்போது பட்டா நிலத்தில் நடுகிறார்கள். ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் நடுகிறார்கள். வைரம் பாய அதற்கும் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை தரகர் காத்திருப்பாரா என்பது வேறு விஷயம்.

மறுபடி மைசூர்ப் பக்கம்

1985-இல் கேள்வி கேட்ட அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவன் வரப்பில் இன்று ஒரு சந்தனக் கன்று முளைத்தால் என்ன செய்வான்?

அநேகமாகப் பிடுங்க மாட்டான். பக்கத்தில் நாலு துவரை விதை ஊன்றுவான். ஆடு கடிக்காமல் முள் வைப்பான். மரம் பெரிதானால் நிலப் பதிவேட்டில் அதைப் பதிந்து வைக்க வேண்டும். பதியாத மரத்தைத் தன் மரம் என்று நிரூபிப்பது கஷ்டம். எடுக்கும்போது வனத்துறைக்கு மனுப் போட வேண்டும். அந்த மனுவை யார் எழுதினாலும், என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

கூடிப் பேசுங்கள்

உங்கள் ஊரில் முன்பு இருந்து இப்போது காணாமல் போன மரம் எது? அது எப்படிப் போயிற்று?

உங்கள் நிலத்தில் எந்த மரத்தை வெட்ட அனுமதி வேண்டும் என்று தெரியுமா? கிராம நிர்வாக அலுவலரைக் கேட்டுப் பாருங்கள்.

செம்மரம் வெட்டப் போகிறவர் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் என்றால், அவரிடம் என்ன பேசுவீர்கள்? அவருக்கு வேறு என்ன வேலை இருக்கிறது?